லங்கஷயர் கிண்ணத்தில் இரண்டு ஆட்டங்கள்

வைத்தியநாதனை எனக்கு 1991இல் இருந்து தெரியும். தென்லண்டனில், சட்டனில் எங்களுக்கு எதிர் வீடு. கவுன்சிலின் பூங்காப் பகுதியில் வேலை. அமைதியான மனிதர். இவர் ஒரு காலத்தில் லங்கஷயர் கிண்ணத்தில் ரக்பி ஆடியவர் என்று அவருடைய அத்தான் பத்மநாதன் சொன்னபோது, பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு வைத்தியநாதனையே கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவர் பிறந்து வளர்ந்தது கண்டியில். தகப்பன் வடக்கே அளவெட்டிக்காரர், கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராகப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். கண்டிப் பள்ளிக்கூடங்களில் கிரிக்கெட்டுக்கு வரும் கூட்டத்தைவிட ரக்பிக்கு வரும் கூட்டம் பெரிது. அங்கே அதற்குப் பெயர் 'ரகர்'. வைத்தியநாதன் பதினைந்து வயதில் பள்ளி அணியில் விங்கர் ஆனார். விங்கர் என்றால் மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டி நிற்பவர். பந்து கைக்கு வந்தால் ஓடவேண்டியது அவர் வேலை. உயரமும் இல்லை, பருமனும் இல்லை. ஆனால் ஓடத் தொடங்கினால் பிடிப்பது கஷ்டம்.

1983 ஆடிக் கலவரத்தில் கண்டி வீடு எரிந்தது. பெற்றோர் அளவெட்டிக்குப் போனார்கள். அவர் அடுத்த மார்ச்சில் லண்டனுக்கு, சட்டனில் இருந்த அக்கா தவமலரிடம் வந்து சேர்ந்தார். அப்போது வயது இருபத்தேழு. விசாவை வருடத்துக்கு வருடம் நீட்டிக் கொடுத்தார்கள். வேலை செய்ய அனுமதி இருந்தது. ஒரு வருடம் தபால் பிரிக்கும் இடத்தில் இரவு ஷிப்ட். பிறகு கவுன்சிலில் புல் வெட்டுவது, செடி நடுவது, விளையாட்டு மைதானங்களுக்கு வெள்ளைக் கோடு போடுவது.

கோடு போடும் வேலைதான் அவரைத் திரும்ப ரக்பிக்குக் கொண்டுபோனது. 1985 இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, பழைய மாணவர் கழகம் ஒன்றின் மூன்றாம் அணிக்கு ஒருவர் வரவில்லை. கோடு போட்டு முடித்து நின்ற இவரைக் கேட்டார்கள். வேலைச் சப்பாத்தோடு இறங்கினார். அன்று முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்களோடு ஆடினார். முழுப் பெயர் அவர்கள் வாயில் வரவில்லை. கடைசிப் பாதியை எடுத்து 'நேதன்' என்றார்கள். ஆட்டம் முடிந்ததும் தேநீரும் சாண்ட்விச்சும். மற்றவர்கள் பியர் குடிப்பார்கள், இவர் அரைக் கிளாஸோடு கடைசிவரை இருப்பார். லண்டனில் தமிழர் அல்லாத சிநேகிதர்கள் அவருக்கு அங்கேதான் கிடைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இங்கிலாந்தில் ரக்பி இரண்டு விளையாட்டு. யூனியன் என்பது பதினைந்து பேர் ஆடுவது, தெற்கே பெரும்பாலும் படித்த, வசதியானவர்களுடையது, சம்பளம் கிடையாது. லீக் என்பது பதின்மூன்று பேர். வடக்கே சுரங்கமும் பஞ்சாலையும் இருந்த ஊர்களுடையது. ஆடுபவனுக்குச் சம்பளம் உண்டு. நூறு வருடத்துக்கு முன் பாகம் பிரிந்த பங்காளிகள். சண்டை அப்போதும் தீரவில்லை. யூனியனில் ஆடும் ஒருவர் சம்பளம் கொடுக்கும் லீக் கழகத்துக்காக ஒரேயொரு முறை இறங்கினாலும், ஒரு பென்னிகூட வாங்காவிட்டாலும், அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் யூனியனில் தடை. வைத்தியநாதனின் சனிக்கிழமைக் கழகம் யூனியன்.

வாண்டில் ஆற்றுப் பக்கம் ஒரு சிறிய லீக் கழகம் இருந்தது. வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் சேர்ந்து நடத்தியது. லண்டனுக்கென்று தனிக் கிண்ணம் இல்லாததால் அவர்களை லங்கஷயர் கிண்ணத்தில் சேர்த்திருந்தார்கள். லங்கஷயர் லண்டனிலிருந்து இருநூறு மைல். 1905இல் தொடங்கிய அந்தப் போட்டி ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில் ஆரம்பித்து அக்டோபர் நடுவில் முடிந்துவிடும். தோற்றவன் அன்றோடு வெளியே.

1987 செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை, அந்த அணி கவுன்சில் மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தது. வைத்தியநாதன் கோடு போடும் வண்டியோடு அவர்கள் போகட்டும் என்று காத்து நின்றார். பயிற்சியாளர் ஆர்தர் லங்கஷயர்க்காரர், ஸ்ட்ரெதமில் குழாய் வேலை செய்பவர். பயிற்சிக்கு ஓர் ஆள் குறைந்தது. சும்மா ஓரத்தில் வந்து நில், பந்து வந்தால் வாங்கிக்கொண்டு ஓடு என்றார். இவர் போய் நின்றார். பந்து வந்தது. ஓடினார். இரண்டாம் தடவையும் வந்தது. மூன்றாம் தடவை ஆர்தர் வேறு யாருக்கும் பந்தைக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் ஓடுவதை மட்டும் பார்த்தாராம்.

ஆர்தரின் இரண்டு விங்கர்களும் காயம்பட்டுப் படுத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு கிண்ணத்தின் முதல் சுற்று. பரீட்சார்த்தமாக ஆடுகிறவர் என்று ஒருவரை இறக்கலாம், பெயர் போடத் தேவையில்லை என்று ஆர்தர் விளக்கினார். பட்டியலில் 'ஏ. என். அதர்' என்று போடுவார்கள். வேறொருவர் என்று பொருள். யூனியனிலிருந்து ஒளித்து வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்தக் காலத்தில் அதே பெயர்தான்.

இரண்டு நாள் யோசித்தேன் என்று வைத்தியநாதன் சொன்னார். அகப்பட்டால் சனிக்கிழமைச் சிநேகிதம் போய்விடும் என்று தெரியும். ஆனால் யூனியனின் மூன்றாம் அணியில் விங்கருக்குக் குளிர்காய்ச்சல் வரும், பந்து வராது. எண்பது நிமிடத்தில் மூன்று தடவை பந்தைத் தொட்டால் அது நல்ல நாள். அன்று மாலை அரை மணி நேரத்தில் பதினொரு தடவை தொட்டிருந்தார். மூன்றாம் நாள் ஓம் என்றார். அக்காவுக்குச் சொல்லவில்லை.

செப்டம்பர் பதின்மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்று. வந்தவர்கள் ஒரு துறைமுக ஊரின் அணி. ஒவ்வொருவரும் கதவு அகலம். பார்க்க வந்தது அறுநூறு பேருக்கு மேல் இராது. முதல் பாதியில் வைத்தியநாதனை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி விளம்பரப் பலகைக்கு மேலால் போட்டார்கள். இரண்டாம் பாதியில் எதிரணி களைத்துவிட்டது. அறுபதாவது நிமிடத்தில் அவருக்கு ஓரத்தில் பந்து கிடைத்தது. ஒருவரை வெளிப்பக்கமாக வெட்டி, இன்னொருவரின் கை சட்டையில் பட்டு நழுவ, கடைசிக் கோட்டுக்கு அப்பால் மூலையில் பந்தை நிலத்தில் ஊன்றி விழுந்தார். நான்கு புள்ளி. வாண்டில் அணி பதினெட்டுக்குப் பதினான்கு என்று வென்றது. கண்டியை விட்டு வந்த பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கத்தியதாகச் சொன்னார்.

அடுத்த வியாழன் உள்ளூர் வாரப் பத்திரிகையில் படம் வந்தது. மூலையில் பந்தோடு விழுந்து கிடக்கிறார். கீழே 'பரீட்சார்த்த ஆட்டக்காரர் ஏ. என். அதர்' என்று போட்டிருந்தார்கள். பெயரை மறைத்தார்கள், முகத்தை மறைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் ரக்பி ஆடிய கறுத்த தோல்காரர் அவர் ஒருவர்தான். அத்தான் பத்மநாதன் அந்தப் பத்திரிகையை வேலையிடத்தில் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை வழமைபோல யூனியன் கழகத்துக்குப் போனார். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு சிநேகிதர் மட்டும் தோளில் தட்டி, நல்ல படம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அப்பால் போனார். கழகச் செயலாளர் பென்றோஸ், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அன்றைக்கு இவரோடு வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்.

இரண்டாம் சுற்று இருபத்துமூன்றாம் திகதி புதன்கிழமை, லங்கஷயரில். அரை நாள் லீவு எடுத்தார். அக்காவிடம் ஹரோவில் நடராஜா வீட்டுக்குப் போகிறேன், இரவு அங்கேயே தங்குவேன் என்றார். நடராஜா கண்டியில் அவரோடு படித்தவர். மதியம் பஸ் புறப்பட்டது. போகும் வழியெல்லாம் ஆர்தர் பஸ்ஸின் முன்னால் நின்று, எதிரணி விங்கர் இடது காலை நம்பித்தான் திரும்புவான் என்று இவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அது உண்மைதான், அவன் இடது காலில்தான் திரும்பினான். அதனால் வைத்தியநாதன் அவனை நான்கு தடவை மடக்கினார். ஐந்தாம் தடவை மடக்கும்போது அவனுக்குப் பின்னால் வந்த பருமனானவர் ஒருவர் இவருடைய தோளின்மேல் விழுந்தார். காரை எலும்பு முறிந்தது. அணி இருபத்தாறுக்குப் பத்து என்று தோற்றது. லங்கஷயர் கிண்ணம் அவர்களுக்கு அதோடு முடிந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோன முதலுதவிக்காரர், ஆட்டப் பட்டியலைப் பார்த்துப் படிவத்தை நிரப்பினார். ஊசி மயக்கத்தில் இவரும் மறுக்கவில்லை. காலையில் கண் விழித்தபோது கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் 'மிஸ்டர் ஏ. அதர்' என்று எழுதியிருந்தது.

ஏழரை மணிக்கு மருந்து வண்டியோடு ஒரு நேர்ஸ் வந்தார். பலகையைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். திரும்பப் பலகையைப் பார்த்தார்.

"நீங்கள் தமிழோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப இது என்ன பேர்?"

வைத்தியநாதன் யூனியனையும் லீக்கையும் தடையையும் சொல்லத் தொடங்கினார். ஆர்தர் ஒருவருக்கும் பெயரைச் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருந்ததையும் சொன்னார். நேர்ஸ் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"விளையாட்டுக்கு என்ன பேரையும் வைச்சுக் கொள்ளுங்கோ. நான் மருந்து குடுக்கிறது பேரைப் பாத்துத்தான். உங்கடை சொந்தப் பேரைச் சொல்லாமல் ஒரு பனடோலும் தர ஏலாது."

"வைத்தியநாதன்."

"வைத்தியநாதனுக்கே வைத்தியம் பாக்கிற காலம்," என்று சொல்லி, சிரிக்காமலே பலகையை அழித்து எழுதினார். முழுப் பெயரையும், ஓர் எழுத்தும் பிசகாமல். இங்கிலாந்துக்கு வந்தபிறகு அவருடைய பெயரைக் கேட்டுத் திருப்பிக் கேட்காமல் எழுதியவர் அந்த ஒருவர்தானாம்.

அவர்தான் பெர்னடெற். இளவாலைக் கத்தோலிக்கக் குடும்பம். எண்பதாம் ஆண்டு நேர்ஸிங் படிக்க வந்து அந்த ஊரிலேயே இருந்தவர். வாரத்துக்கு இரண்டு ரக்பிக்காரராவது அந்த வார்டுக்கு வருவார்கள். தமிழ் பேசும் ரக்பிக்காரரை அவர் அன்றுதான் பார்த்தார். அக்காவின் நம்பரைக் கேட்டு வாங்கி, இவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, போன் எடுத்துச் சொன்னார். தவமலர் முதலில் நம்பவில்லை. தம்பி ஹரோவில் நிற்கிறான் என்று சாதித்தாராம்.

ஆர்தர் அந்த இரவு தன் தமக்கை வீட்டில் தங்கியிருந்து, அடுத்த நாள் ரயிலில் இவரைக் கூட்டிக்கொண்டு வந்து சட்டனில் வீட்டு வாசலில் விட்டார். கையில் தூக்குக் கட்டோடு உள்ளே போன தம்பியை இருத்தி, சோறு குழைத்துக் கரண்டியும் கொடுத்துவிட்டுத் தவமலர் எதிரில் இருந்தார்.

"எலும்பு முறிஞ்சதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. அது ஒட்டும். ஹரோ எண்டு எனக்குப் பொய் சொன்னாய் பார். வீடு எரிஞ்ச பிறகு எனக்கு இஞ்சை நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். நீ எங்கை நிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியவேணும்."

வைத்தியநாதன் இனிச் சொல்லாமல் எங்கும் போகமாட்டேன் என்றார். பத்மநாதன் ஆட்டம் என்ன மாதிரிப் போனது என்று கேட்டார். தவமலர் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

செப்டம்பர் கடைசி நாள் யூனியன் கழகத்தின் கடிதம் வந்தது. பென்றோஸின் கையொப்பம். விதிப்படி அவர் இனி எந்த யூனியன் கழகத்திலும் ஆடவும் கூடாது, அங்கத்தவராக இருக்கவும் கூடாது. கீழே கையால் ஒரு வரி: சீக்கிரம் குணமடையவேண்டும் என்று. மூன்றாம் அணியிலிருந்து இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழங்களோடு வீட்டுக்கு வந்தார்கள். அரை மணித்தியாலம் இருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி ஒருவர் பேச்செடுத்தார், மற்றவர் காலால் தட்டினார். பிறகு அவர்கள் வரவில்லை. கோபம் இல்லை என்று வைத்தியநாதன் சொன்னார். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணியானால் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்தாராம். தவமலர் அவரை மாதக் கணக்கில் அந்த நேரத்தில் கடைக்கு அனுப்பினார்.

அக்டோபர் பதினாறாம் திகதி விடியற்காலை பெரிய புயல் அடித்தது. தென்லண்டனில் மரங்கள் ஆயிரக் கணக்கில் சாய்ந்தன. கவுன்சிலில் பூங்காப் பகுதி ஆட்கள் எல்லாரும் மரம் அறுக்கும் வாளோடு தெருவில். ஒரு கையால் எதுவும் செய்ய ஏலாத வைத்தியநாதனை ஃபோர்மன் டிப்போவில் போனுக்கு முன்னால் இருத்தினார். வரும் முறைப்பாட்டை எழுதவேண்டும், எது முதலில் என்று வரிசைப்படுத்தவேண்டும். ஆம்புலன்ஸ் போகும் வீதி முதல், வீட்டுக் கூரை இரண்டாவது, பள்ளிக்கூடம் மூன்றாவது, மற்றதெல்லாம் பிறகு.

பத்து மணிக்கு ஒரு போன். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. பென்றோஸ். கழகக் கட்டடத்தின் மேல் ஒரு ஓக் மரம் விழுந்து, கூரையின் பாதி இறங்கிவிட்டது; உள்ளே தண்ணீர் போகிறது; நாளைக்கு ஆட்டம் இருக்கிறது என்றார். யார் பேசுகிறீர்கள் என்றும் கேட்டார்.

"வைத்தியநாதன் பேசுறன். உங்கடை மூன்றாம் அணியிலை ஆடின நேதன்."

இதை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்குச் சொல்லும்போது தமிழில் வந்தது.  பிறகு பென்றோஸ், தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒட்டிக்கொண்டு வருகிறது என்று இவர் சொன்னார். கட்டடத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றார் பென்றோஸ். அப்படியானால் வரிசையில் நாற்பத்தொன்றாம் இலக்கம், செவ்வாய்க்கிழமைக்கு முன் எவரும் வரமாட்டார்கள், தார்ப்பாய் போடுங்கள் என்று சொல்லி எழுதினார்.

"பின்னுக்குத் தள்ளினீங்களோ?" என்று நான் கேட்டேன்.

"இல்லை. முன்னுக்கும் தள்ளேல்லை," என்றார். "அண்டைக்கு ஒரு கிழவி கட்டிலிலை கிடக்க மேலை மரம். அதுக்குள்ளை எனக்கு ரக்பிக் கணக்குத் தீர்க்க நேரம் இல்லை." பிறகு, "ஒரு நிமிசம் யோசிச்சனான்தான். பொய் சொல்லப்படாது," என்றும் சொன்னார்.

செவ்வாய் ஆட்கள் போனார்கள்.

அந்த நவம்பரில் பெர்னடெற்றுக்கு நன்றி சொல்லி ஒரு அட்டை அனுப்பினார். பதில் வந்தது. எலும்பு ஒட்டியதா என்று கேட்டு, எந்த எந்தப் பயிற்சி செய்யவேண்டும் என்று இரண்டு பக்கம். இவர் மூன்று பக்கம் எழுதினார். பெர்னடெற்றுக்கு ஸ்ட்ரெதமில் ஒரு பெரியம்மா இருந்தார்; நத்தார் பண்டிகைக்கு அங்கே வந்தபோது சந்தித்தார்கள். 1989 தையில் கலியாணம் பேசியபோது பெண் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்று தவமலர் எட்டு மாதம் இழுத்தார். மாப்பிள்ளை சைவக்காரர் என்று பெரியம்மா பத்து மாதம் இழுத்தார். கடைசியில் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் சந்திக்காமலே ஒரே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பத்மநாதன் கண்டுபிடித்து, பெரியம்மாவைத் தங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த வருடக் கடைசியில் சட்டனில் பதிவுத் திருமணம் நடந்தது. அடுத்த நாள் கோயிலில் ஒரு அர்ச்சனை, அதற்கு அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் ஒரு பூசை. பெர்னடெற் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாறி வந்தார்.

வைத்தியநாதன் வாண்டில் கழகத்தின் இரண்டாம் அணியில் இன்னும் மூன்று வருடம் ஆடினார், இப்போது சொந்தப் பெயரில். கிண்ண ஆட்டம் எதற்கும் அவரைத் திரும்ப எடுக்கவில்லை. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, ஆர்தருக்கு இளம் கால்கள் கிடைத்துவிட்டன. 1990இல் கழகம் மூடப்பட்டது. 1992 அக்டோபரில் லங்கஷயர் கிண்ணத்தின் கடைசி இறுதியாட்டம் நடந்தது. அதற்குப் பிறகு அந்தப் போட்டியே இல்லை. பத்திரிகையில் கால் பக்கச் செய்தி. வைத்தியநாதன் அதை எங்கள் வீட்டு வாசலில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினார். "எண்பத்தேழு வருசம்," என்று மட்டும் சொன்னார்.

1995 கோடையில் யூனியன்காரர்களும் சம்பளம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். லீக்கில் ஆடியவர்கள் மீதிருந்த தடைகளும் அதோடு போயின. ஆகஸ்ட் கடைசியில் பென்றோஸ் வீட்டுக்கே வந்தார். நான் அப்போது மதில் ஓரத்தில் குப்பைத் தொட்டியை வைத்துக்கொண்டிருந்தேன். வயது எழுபத்தைந்து இருக்கும், கைத்தடி. வைத்தியநாதன் உள்ளே கூப்பிட்டும் வாசலிலேயே நின்று பேசினார். நான்காம் அணிக்கு ஆட்கள் போதாது, விருப்பமிருந்தால் வரலாம் என்றார். பிறகு, அன்றைக்கு விதி அப்படி, கையொப்பம் வைக்கவேண்டியது நான், நல்ல விதி என்று ஒருநாளும் நினைத்ததில்லை என்றார். நினைத்ததை அப்போது சொல்லியிருக்கலாம் என்றார் வைத்தியநாதன், மரியாதையாகத்தான். பென்றோஸ் தலையாட்டினார். சொல்லியிருக்கவேண்டும் என்றார்.

வைத்தியநாதன் இரண்டு வாரம் முடிவெடுக்கவில்லை. முப்பத்தெட்டு வயது, ஐந்து வருடமாக ஓடவில்லை. எட்டு வருடம் வெளியே நிறுத்தியவர்களிடம் கூப்பிட்ட உடனே ஓடவேண்டுமா என்று தவமலர் கேட்டார். அது நியாயமான கேள்வி என்றே அவருக்கும் பட்டது. பெர்னடெற் வேறு விதமாகக் கேட்டார்: ஆடவேண்டும் போல இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றார் இவர். அப்படியானால் போங்கள், முறிந்தால் என்னுடைய ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரவேண்டாம் என்றார்.

செப்டம்பரில் மூன்றாம் சனிக்கிழமை நானும் பார்க்கப் போனேன். தூறல். பெர்னடெற் தங்கள் நான்கு வயது மகளைக் குடைக்குள் வைத்துக்கொண்டு கோட்டோரம் நின்றார். நான்காம் அணியில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள், மீதிப் பேர் பத்தொன்பது வயது. வைத்தியநாதன் ஐம்பது நிமிடம் ஆடினார். இரண்டு தடவை பந்து வந்தது. முதலாவதை நழுவவிட்டார். இரண்டாவதை வாங்கிப் பத்து யார் தூரம் ஓடி, கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டார். முப்பத்தைந்து புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் தேநீர் குடிக்க உள்ளே போனார். பழைய மூன்றாம் அணியிலிருந்து இரண்டு பேர் இன்னமும் இருந்தார்கள். இவர் இருக்க ஒதுங்கி இடம் விட்டார்களாம். நாங்கள் அரை மணித்தியாலம் காருக்குள் காத்திருந்தோம். வந்து ஏறியபோது முழங்கால் வீங்கியிருந்தது.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"மூச்சு வாங்குது," என்றார். "பந்து முன்னை மாதிரித்தான், வராது."

அடுத்த சனிக்கிழமையும் போனார்.